நாலு பக்கம் எழுதிப் பழகச் சொன்னாங்க

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.
தை மாசத்து ராத்திரி, மணி பத்தேகால்.

என் ஆரணிக்காரி ராசாத்திக்கு,

கையில போன் இருக்கறப்ப இவ எதுக்கு இன்லேண்ட் லெட்டர் காலம் மாதிரி பேப்பர் பேப்பரா எழுதி அனுப்பறான்னு நீ கண்ணாடியைத் தேடிக்கிட்டே முணுமுணுக்கறது இங்கேயே கேக்குது. காரணம் ரெண்டு. ஒண்ணு, போன்ல பேசினா நீ ஸ்பீக்கர்ல போட்டுட்டுத்தான் வெங்காயம் நறுக்குவ, உன் மாமியார்ல ஆரம்பிச்சு உங்க தெருக்கோடி வரைக்கும் என் கதை போயிடும். இன்னொண்ணு, எனக்கு எழுதிப் பழகணும். சித்திரையில பரீட்சை. மூணு மணி நேரம் விடாம எழுதணுமாம். முப்பத்திமூணு வருஷமா மளிகைச் சீட்டைத் தவிர வேற எதுவும் எழுதாத கை இது, ரெண்டாவது பக்கத்துலயே கட்டைவிரல் அடியில பிடிச்சுக்குது. "தினமும் நாலு பக்கம் எழுதுங்கக்கா, யாருக்காவது கடிதம் போடற மாதிரி நெனச்சுக்கிட்டு எழுதுங்க"ன்னு பாடம் எடுக்கற பொண்ணு சொல்லிச்சு. நெனச்சுக்கிட்டு எழுதறதை விட நிஜமாவே போட்டுடலாமேன்னு உட்கார்ந்துட்டேன்.

ஆமாண்டி, பரீட்சைதான். பத்தாவது. சிரிச்சு முடிச்சுட்டு மேல படி.

எங்கேருந்து ஆரம்பிக்கறது? அத்திவரதர்ல ஆரம்பிக்கறேன், எங்க வீட்டுல எல்லாக் கணக்கும் அங்கேதான் ஆரம்பிக்கும். 1979ல அவர் குளத்துலேருந்து வெளியே வந்த ஆடியில பிறந்தவ நான்னு எங்கம்மா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். மறுபடி 2019ல வந்தாரே, அப்ப நீ உன் நாத்தனார் கூட்டத்தோட வந்து எங்க திண்ணையில ரெண்டு நாள் படுத்துக் கிடந்தியே, அந்தக் கூட்டத்துல நானும் என் பொண்ணும் எட்டு மணி நேரம் நின்னு, நின்ன கோலத்துல அவரைப் பார்த்தோம். ஒரு நிமிஷம்கூட நிக்க விடல, பின்னாலேருந்து தள்ளிட்டாங்க. வெளியே வந்து மோர் குடிக்கறப்ப மனசு ஒரு கணக்குப் போட்டுச்சு. அடுத்த தடவை 2059. எனக்கு எண்பது வயசு. போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவுல நான் என்ன பண்ணினேன்னு கேட்டா, தறியில உட்கார்ந்தேன், ரெண்டு பிள்ளை பெத்தேன், கம்மலை அடகு வெச்சு மீட்டேன், அவ்வளவுதான் தேறுது. அன்னிக்கு அதை யார்கிட்டயும் சொல்லல. சொல்ற மாதிரி பெரிசாவும் படல.

அப்புறம் கொரோனா. உங்க ஊர்லயும் இதே கூத்துதான், உனக்கு நான் சொல்லணுமா? கல்யாணமே இல்லாத வருஷத்துல பட்டுச் சேலை யாருக்கு வேணும்? நெய்து கொடுத்த சேலையே அலமாரியில தூங்குதுன்னு முதலாளிங்க பாவு தர மாட்டேன்னுட்டாங்க. அது தெளியறதுக்குள்ள பட்டு விலையும் ஜரிகை விலையும் ஏறிப் போச்சு. எங்க வீட்டுக்காரருக்குத் தோள்பட்டை தூக்க முடியல. கடைசியில ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில ராத்திரி வாட்ச்மேன் வேலைக்குப் போயிட்டார். விடிகாலையில நம்ம தெருவுக்கே வேன் வந்து நிக்குதுடி, ஸ்ரீபெரும்புதூர் போற பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போக. தறிச் சத்தத்துல எழுந்த தெரு, இப்ப வேன் ஹாரன்ல எழுந்திருக்குது. 2022ல தறியைப் பிரிச்சுட்டோம். தறிக்குழியை மண் போட்டு மூடி சிமென்ட் பூசினாலும் அந்த இடம் மட்டும் கொஞ்சம் அமுங்கித்தான் இருக்கு. தண்ணி கொட்டினா அங்கே போய்த்தான் தேங்கும்.

அந்த வருஷம் காந்தி ரோட்டுல ஒரு ஜவுளிக்கடையில ஆள் வேணும்னாங்க. வர்றவங்களுக்குச் சேலையைப் பிரிச்சுக் காட்டி விளக்கிச் சொல்லணும். எனக்கு இதைவிட வேற என்ன தெரியும் சொல்லு? கரையும் உடலும் கோர்வையில சேர்ந்திருக்கா, இல்ல சும்மா கலர் மாத்தி ஓட்டியிருக்கான்னு விரல் வெச்சாலே தெரியும். ஜரிகையைச் சுரண்டினா உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியணும்னு அந்தக் கடைக்குப் போன அன்னிக்கே ரெண்டு பேருக்குக் காட்டிக் கொடுத்தேன். அது முதலாளிக்குப் பிடிச்சுதோ பிடிக்கலையோ, அது வேற கதை. அவர் பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டே, "பத்தாவது பாஸாம்மா?"ன்னான். ஏழாவதுன்னேன். முகத்தைக்கூடத் தூக்கல.

வரும்போது வழியெல்லாம் அழுதேன்னு நெனச்சுக்காதே. பஸ்ல சீட் கிடைச்சுது, தூங்கிட்டேன்.

பத்தாவது எழுதலாம்னு சொன்னது என் பொண்ணுதான். முதல்ல ஒரு டுடோரியல்ல போய்க் கேட்டோம். "பாஸுக்கு நாங்க கேரண்டி"ன்னு சொல்லி அவங்க கேட்ட தொகைக்கு நான் இன்னொரு தறியே வாங்கிப் போட்டுடலாம். பேர் சொல்ல மாட்டேன், நல்லா இருக்கட்டும். அப்புறம் நெசவாளர் சேவை மையத்துல விசாரிச்சப்பதான் இந்த விஷயம் தெரிஞ்சுது. தேசிய திறந்தநிலைப் பள்ளின்னு ஒண்ணு இருக்காம், நியோஸ் நியோஸ்னு சொல்றாங்களே அதுதான். ஜவுளி அமைச்சகம் அவங்களோட ஒப்பந்தம் போட்டு, நெசவுக் குடும்பத்துப் பொம்பளைங்க படிச்சா கட்டணத்துல 75 சதவீதம் அவங்களே கட்டறாங்களாம், கால்வாசிதான் நம்ம கை. 14 வயசு நிறைஞ்சிருந்தா போதும், இத்தனை வயசுக்கு மேல வரக் கூடாதுன்னு எதுவும் இல்லை. அஞ்சு பாடம், பாஸுக்கு 33 மார்க். அஞ்சு வருஷத்துக்குள்ள ஒன்பது தடவை எழுதிப் பார்க்கலாம், ஜெயிச்ச பாடம் ஜெயிச்சதுதான், அதை மறுபடி எழுத வேண்டாம். தமிழ்லயே எழுதலாம். எட்டாவது பாஸ் சர்ட்டிபிகேட் இல்லையேன்னு நான் கையைப் பிசைஞ்சேன். பரவாயில்லை, பத்தாவது படிக்கற அளவுக்கு எனக்குத் தெரியும்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கன்னாங்க. எத்தனையோ பத்திரத்துல, கடன் பேப்பர்ல, ஜாமீன் பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருக்கேன்டி, எனக்குத் தெரியும்னு எழுதி ஒரு கையெழுத்துப் போடச் சொல்லி யாரும் கேட்டதே இல்லை.

என் பிறந்த தேதியில ஒரு கூத்து நடந்துச்சு. பள்ளிக்கூடத்துல சேர்க்கறப்ப ஹெட்மாஸ்டர் தன் வசதிக்கு ஜூன் மாசத்துல ஒரு தேதியைப் போட்டுட்டார் போல. அதனால பேப்பர் பிரகாரம் நான் அத்திவரதருக்கு முன்னாடியே வந்துட்டேன். எங்கம்மா இருந்திருந்தா அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டிருப்பா.

இப்ப பணத்துக்கு வர்றேன். படிப்பு கஷ்டமான்னு எல்லாரும் கேக்கறாங்க. படிப்பு கஷ்டமே இல்லடி, எனக்காக நான் பணம் எடுக்கறதுதான் கஷ்டம். எங்க வீட்டுல ஒவ்வொரு ரூபாய்க்கும் முன்னாடியே பேர் வெச்சாச்சு. வாட்ச்மேன் சம்பளத்துல வாடகை, மளிகை, மாமியார் மாத்திரை. பையன் கொடுக்கறது குழுக் கடனுக்கு. பொண்ணு அரசுப் பள்ளியில படிச்சவங்கறதால புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 வருது, அது அவ பஸ், புத்தகம், செமஸ்டர். என் கம்மல் வருஷா வருஷம் ஜூன் மாசம் அடகுக் கடைக்குப் போயி தீபாவளிக்கு வீடு திரும்பும், இல்லேன்னா பொங்கலுக்கு. என் காதுல இருக்கறதைவிட அங்கே இருக்கற நாள்தான் அதிகம். பேர் வெக்காத பணம்னு என் கைக்கு வந்தது மகளிர் உரிமைத் தொகை ஒண்ணுதான். அதை நம்ம ஊர்லதானே தொடங்கி வெச்சாங்க, 2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள், பச்சையப்பன் காலேஜ் மைதானத்துல. ஒரு கோடியே ஆறு லட்சம் பொம்பளைங்கன்னு சொன்னாங்க, அதுல நான் ஒருத்தி. அந்த 1,000 ரூபாயும் முதல் மாசம் கேஸுக்குப் போச்சு, ரெண்டாம் மாசம் நாத்தனார் பேரனுக்கு மொட்டை. மூணாம் மாசத்துலேருந்து ஒளிச்சு வெக்க ஆரம்பிச்சேன்.

திருடற மாதிரியே இருந்துச்சு. ஏ.டி.எம்.ல எடுத்துக்கிட்டு வர்றப்ப யாரோ பின்னாலேயே வர்ற மாதிரி. கட்டணம் கட்டப் போன கடையில, "யார் பேருக்கும்மா, பொண்ணுக்கா?"ன்னு அந்தப் பையன் கேட்டான். ஆமான்னுட்டேன்டி! அப்புறம் அவன் என் ஆதாரைப் பார்த்துட்டு நிமிர்ந்து பார்த்தான். வாசல்ல இன்னும் நாலு பேர் நின்னாங்க, எனக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு. பொண்ணுக்குன்னா தலை நிமிர்ந்து கட்டியிருப்பேன், கம்மலைக் கழட்டிக் கொடுத்திருப்பேன். எனக்குன்னு வர்றப்ப மட்டும் ஏன் அப்படிக் கூசுதுன்னு இன்னி வரைக்கும் புரியல. உனக்குப் புரிஞ்சா எழுது. நீயும் உன் கண்ணாடியை மாத்தாம நாலு வருஷமா ஓட்டறவதானே.

கட்டினதுக்கு அப்புறமும் வீட்டுல சொல்லலை. ஜியோமெட்ரி பாக்ஸ் வாங்கி அரிசி டிரம்முக்குள்ள வெச்சிருந்தேன். ஒரு நாள் நான் இல்லாத நேரம் அவரே சோறு வடிக்கப் போயிருக்கார், நான் திரும்பி வந்தா காம்பஸோட வெளியே வந்து, "இது எந்தத் தறிச் சாமான்? நான் பார்த்ததே இல்லையே"ன்னு நிக்கறார். சிரிப்பு தாங்காம சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "கணக்கு எடுத்திருக்கியா?"ன்னு மட்டும் கேட்டார். மாமியார்தான், "இந்த வயசுல பத்தாவது படிச்சுக் கலெக்டராகப் போறாளா, ஜவுளிக் கடைக்கு ஓடப் போறா, சோறு யார் ஆக்குவா"ன்னு மூணு நாள் தார் சுத்தற மாதிரி அதையே சுத்திச் சுத்திப் பேசினாங்க. அவங்க சொல்றதுல தப்பும் இல்லை. ஜவுளிக் கடைக்கு ஓடத்தான் போறேன்.

கணக்கு எடுக்க வேண்டியதே இல்லடி. அது கட்டாயம் இல்லை, மனையியல் மாதிரி வேற பாடம் எடுத்துக்கலாம், நிறையப் பேர் அதுக்காகத்தான் இங்கே வர்றாங்களாம். பொண்ணும் கெஞ்சினா, "அம்மா, கணக்கு வேண்டாம், உனக்குத் தலைவலி வரும்"னு. நான் பிடிவாதமா எடுத்தேன். ஏன்னு உனக்குச் சொல்றேன், வேற யாருக்கும் சொல்லலை.

உன் பொண்ணு இதைப் படிச்சான்னா அவளுக்கு விளங்கணும்கறதுக்காகக் கொஞ்சம் விளக்கமா எழுதறேன், அவ பெங்களூர்ல கம்ப்யூட்டர் தட்டறவ. கோர்வைச் சேலையில உடல் ஒரு கலர், ரெண்டு கரையும் வேற கலர், அதனால மூணு நாடா ஓடணும். நெய்யறவர் ஒருத்தரே மூணையும் பார்க்க முடியாது, இடப்பக்கக் கரைக்கு நாடா தள்ள ஒரு ஆள் பக்கத்துல உட்காரணும். அந்த ஆள் பெரும்பாலும் வீட்டுப் பொம்பளையா இருப்பா, இல்லேன்னா பிள்ளையா இருக்கும். அக்கா கல்யாணத்துக்கு எங்கப்பா ஒரு முதலாளிகிட்ட 5,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கினார். 1991. அம்மாவுக்கு அப்ப தம்பி வயித்துல. அரைப் பரீட்சை லீவுல ஒரு பத்து நாள் உட்காருன்னு சொன்னாங்க. அந்தப் பத்து நாள் முடியவே இல்லை. நீ சாயங்காலம் சாயங்காலம் வந்து, அன்னிக்கு நடந்த பாடத்தை என் நோட்டுல எழுதிக் கொடுப்பியே, ஒரு மாசம் போல. ஒரு நாள் நீ எழுதிக்கிட்டிருக்கறப்பவே நான் சுவத்துல சாய்ஞ்சு தூங்கிட்டேனாம், நீ நோட்டை மூடி வெச்சுட்டுப் போயிட்டே. அதுக்கப்புறம் நீயும் வரலை, நானும் கூப்பிடலை.

அப்பவே சட்டம் இருந்துச்சாம். 1986ல போட்டது, 14 வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைங்களை வைக்கக் கூடாத தொழில் பட்டியல்ல நெசவும் இருந்துச்சாம். ஆனா குடும்பத்தோட சேர்ந்து வீட்டுல செய்யற வேலைன்னா அந்தச் சட்டம் தொடாதாம். பாடம் எடுக்கற பொண்ணு இதைச் சொன்னப்ப, இன்ஸ்பெக்டர் வர்றார்னு யாராவது கத்தினா நாங்க பின்கட்டு வழியா ஓடி வைக்கோல் போருக்குப் பின்னால ஒளிஞ்சது ஞாபகம் வந்துச்சு. எங்களுக்கு அது விளையாட்டு. வெளியே வெயில்ல நிக்கறதுக்கு ஒரு சாக்கு.

எங்கப்பாவோட சின்ன நோட்டு என்கிட்டதான் இருக்கு, சிவப்பு அட்டை போட்டது. சேலை கொடுத்த தேதி, கூலி, அட்வான்ஸ்ல பிடிச்சது, மீதி, தீபாவளிக்கு மறுபடி வாங்கினது, எல்லாம் முதலாளி வீட்டுக் கணக்குப்பிள்ளை கையெழுத்துல. சாகற வரைக்கும் எங்கப்பா, "என்னை ஏமாத்திட்டாங்க, கூட்டிக் கழிக்கத் தெரியாதவன்னு ஏமாத்திட்டாங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். நானும் அதையே நம்பிக்கிட்டிருந்தேன். கணக்குப் பாடம் பாதி முடிஞ்சதும் அந்த நோட்டை எடுத்து வெச்சுக்கிட்டு மூணு ராத்திரி உட்கார்ந்து வரி வரியாக் கூட்டினேன், பென்சிலால பக்கத்துல எழுதி எழுதி.

கணக்கு சரியா இருந்துச்சுடி. ஒரு இடத்துலகூட தப்பில்லை. பிடிச்சதும் சரி, மீதியும் சரி. கூலி அவ்வளவுதான், எங்க செலவு அதைவிட ஜாஸ்தி, அதான் அட்வான்ஸ் குறையவே இல்லை. ஏமாத்தியிருந்தா திட்டிட்டுத் தூங்கியிருப்பேன். ஆனா நாலு வருஷ நோட்டுல, சேலைக்கு ஒரு கூலின்னுதான் இருக்கு. எங்கப்பா பேர் இருக்கு. இடப்பக்கம் உட்கார்ந்தவளுக்குன்னு ஒரு வரி இல்லை. கூட்டறதுக்கு எதுவுமே இல்லை. அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கலை. அப்பாகிட்ட போய், "உன்னை யாரும் ஏமாத்தலைப்பா"ன்னு சொல்லணும் போல இருந்துச்சு, சொல்லி என்ன ஆகப் போகுதுன்னும் இருந்துச்சு.

போதும், அழாதே. நல்ல கதை ஒண்ணு சொல்றேன். சமூக அறிவியல் நடத்தறப்ப அந்தப் பொண்ணு சொல்லிச்சு, நம்ம ஊர்ல பல்லவர் காலத்துல கடிகைன்னு பெரிய பாடசாலை இருந்துச்சாம். நாலாம் நூத்தாண்டுல மயூரசர்மன்னு ஒருத்தர் கர்நாடகாப் பக்கத்துலேருந்து தன் குருவோட அங்கே படிக்க வந்தாராம். வந்த இடத்துல ஒரு குதிரைக்காரனோட தகராறு ஆயிடுச்சாம். கோபத்துல படிப்பைத் தூக்கிப் போட்டுட்டு, வாளை எடுத்து, பல்லவரை எதிர்த்து நின்னு, கடைசியில கதம்ப ராஜாவாவே ஆயிட்டாராம். தாளகுண்டாங்கற ஊர்க் கல்வெட்டுல இருக்காம். கிளாஸ்ல இருந்த பையன், "பார்த்தீங்களா, படிப்பை விட்டாத்தான் ராஜா ஆகலாம்"னான். எனக்கு என்னமோ அண்ணாவைத்தான் பிடிக்குது. அவர் வீட்டைத் தாண்டித்தானே சின்ன வயசுல வரதர் கோயிலுக்குப் போவோம். நெசவுக் குடும்பத்துப் பிள்ளை, வீட்டுல பணமுடைன்னு படிப்பை நிறுத்திட்டு நம்ம ஊர் முனிசிபாலிட்டியில குமாஸ்தாவா இருந்தாராமே. அப்புறம் சென்னை பச்சையப்பன் காலேஜுக்குப் போய், படிக்கறப்பவே 1930ல கல்யாணமும் பண்ணிக்கிட்டு, 1934ல பட்டம் வாங்கியிருக்கார். அவர் முதலமைச்சர் ஆனதைத்தான் எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அந்த குமாஸ்தா வேலைக்கும் காலேஜுக்கும் நடுவுல என்ன நடந்துச்சுன்னுதான் தெரியணும். ஃபீஸுக்கு யார் என்ன வித்தாங்க, யார் முணுமுணுத்தாங்க, அதெல்லாம். அதை யாரும் எழுதி வெக்க மாட்டாங்க போல.

வகுப்பு ஞாயித்துக்கிழமைதான். பதினோரு பேர். என்னைவிடப் பெரியவர் ஒருத்தர் இருக்கார், ரிட்டயர் ஆன தறிக்காரர், அவருக்கும் இங்கிலீஷ் வரலை, எனக்கும் வரலைன்னு நாங்க ரெண்டு பேரும் கடைசி பெஞ்ச். நடுவுல டீக்கு விடறப்ப அவர் வீட்டுலேருந்து மந்தாரை இலையில கோயில் இட்லி கொண்டு வருவார், சுக்கும் மிளகும் தூக்கலா. அதுக்காகவே ஒரு வாரம்கூட லீவு போடலை. பரீட்சையை நெனச்சாத்தான் இருப்புக் கொள்ள மாட்டேங்குது. வீட்டுல எங்கே உட்கார்ந்து படிக்கிறேன் தெரியுமா, அந்தத் தறிக்குழி மூடின இடத்துலதான், அங்கேதான் ஜன்னல் வெளிச்சம் விழுது. பகல்ல படிக்கறப்ப கால் ரெண்டும் தானா மிதிச்சுக்கிட்டே இருக்காம், பொண்ணு பார்த்துட்டுச் சிரிக்கறா.

பக்கம் ஏழாயிடுச்சு. கை சுத்தமா மரத்துப் போச்சு. அவர் ஆறு மணிக்கு வந்துடுவார், இட்லிக்கு அரைச்சு வெக்கணும்.

ஒண்ணு கேக்கணும். நீ பத்தாவதுல கணக்குல 78 வாங்கினவ, உங்கப்பா தெருவுக்கே மிட்டாய் கொடுத்தாரே. எனக்குக் கூட்டல், கழித்தல், வட்டி எல்லாம் வந்துடுச்சு. இந்த எக்ஸ் ஒய் மட்டும் மண்டையில ஏறவே மாட்டேங்குது. அந்தப் பொண்ணு சொல்றப்ப புரியுது, தெருவைத் தாண்டினதும் போயிடுது. புதன்கிழமை ராத்திரி எட்டரைக்கு மேல போன் பண்றேன். நோட்டும் பேனாவும் எடுத்து வெச்சுக்கோ. ஸ்பீக்கர்ல மட்டும் போட்டுடாதே.

உன்
கடைசி பெஞ்சுக்காரி